குடியாத்தத்திலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று குடியாத்தம் வந்தவன், பத்து நாளாக இங்கேயே இருக்கிறேன். இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். வயது 93. காதுதான் மந்தம், ஞாபகம் அப்படியே இருக்கிறது.

"வெளியூர்க்காரனுக்கு எதற்கு நம் தொகுதியில் சீட்டு?" என்று கோபமாக எழுதியிருந்தாய். நானும் அப்படி நினைத்தவன்தான். பெரியம்மா காமராஜருக்கு ஓட்டுப் போட்ட கதையைக் கேட்ட பிறகு மனசு மாறிவிட்டது.

காமராஜர் 1937-இல் சாத்தூரிலிருந்து மாகாண சட்டமன்றத்துக்குப் போட்டியின்றிப் போனவர். 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி. 1954 ஏப்ரலில் முதல்வரானபோது சட்டமன்றத்தில் அவருக்கு இடம் இல்லை. ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். ராஜாஜி 1952-இல் ஆளுநர் நியமனத்தில், தேர்தலில் நிற்காமலே சட்ட மேலவைக்குப் போய் முதல்வரானவர். அந்த வழி இவருக்கும் திறந்தே இருந்தது. இவரோ அன்றைய வடாற்காடு மாவட்டத்தில், சொந்த ஊருக்கு எத்தனையோ தூரத்தில் இருக்கும் குடியாத்தத்தில் இடைத்தேர்தலுக்கு நின்றார். எதிர்த்தவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி.கே.கோதண்டராமன். பெரியாரும் தி.மு.க.வும் காமராஜரை ஆதரித்தார்கள். ஜெயித்தார்.

அந்த ஓட்டைப் போட்டவர்களில் பெரியம்மாவும் ஒருத்தி. அப்போதெல்லாம் ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு ரெட்டை மாடு. "தறியில நாடாவ அப்படியே போட்டுட்டுப் போனேன். மறைப்புக்குள்ள நுழைஞ்சா பெட்டி வரிசையா இருக்கு. ரெட்டை மாட்டுப் பெட்டியில சீட்ட மடிச்சுப் போட்டேன். உள்ள விழுந்துச்சான்னு பெட்டிய ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன்" என்று விரலை மடக்கிக் கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாநிலத்தின் முதல்வர் பதவியில் நீடிப்பது இந்தக் கையில் இருந்திருக்கிறது, பார்!

பிறகு 1957-லும் 1962-லும் சாத்தூர். 1967-இல் பிறந்த ஊரான விருதுநகரிலேயே நின்றார். அகில இந்திய காங்கிரஸ் தலைவர். மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்து அடித்த அலை அது. அந்த ஊர் மக்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் வயிறு இருந்தது. ஆனால் உள்ளூர்க்காரர் என்பது அன்றைக்கு அவருக்குக் கைகொடுக்கவில்லை என்பதையும் நீ கவனிக்க வேண்டும்.

அடுத்து அவரை ஏற்றுக்கொண்டது உன் நாகர்கோவில். அங்கே எம்.பி.யாக இருந்த நேசமணி மறைவுக்குப் பின் 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசம். காங்கிரஸ் இரண்டாக உடைந்த பிறகு, 1971-இல் அவர் இருந்த பிரிவான ஸ்தாபன காங்கிரஸ் தமிழ்நாட்டில் மக்களவைக்கு ஜெயித்தது ஒரே ஒரு இடம், அதுவும் நாகர்கோவில். 1975-இல் கண்ணை மூடும்வரை அவர் உங்கள் எம்.பி.தான். வெளியூர்க்காரரை அப்படித் தாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டா இந்தக் கேள்வி கேட்கிறாய்?

உன் மாமனார் அந்த 1969 தேர்தலில் ஓட்டு போட்டிருப்பார் இல்லையா? அவரிடம் உட்கார்ந்து கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பு. பெரியம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அடுத்த வாரமும் இங்கேதான் இருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்