காய்ச்சல் இருக்கா என்று கேட்டு வந்த அக்காவுக்கு

வணக்கம் அக்கா. 2020 ஜூனில், கொரோனாவுக்காகச் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு போட்ட அந்த வாரம், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அபார்ட்மெண்டுக்குத் தினமும் காலையில் வந்து "வீட்ல யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போவீர்களே, அதில் மூன்றாவது மாடி எம்.டெக். வீடு என்னுடையது. நன்றி சொல்ல இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கணும்.

மூன்று நாள் உங்களிடம் பொய் சொன்னேன். உள்ளே அப்பாவுக்குக் காய்ச்சல். சொன்னால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், தெருவே வேடிக்கை பார்க்கும் என்று பயம். அந்தப் பயத்துக்குப் படித்தவன் பாணியில் ஒரு நியாயமும் கைவசம் இருந்தது: இது வெறும் ஃப்ளூதான், வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு டாக்டரே சொல்லிவிட்டார். நான்காம் நாள் நீங்கள் கேள்வியே கேட்கவில்லை. "தம்பி, அப்பா இருமுறது படிக்கட்டு வரைக்கும் கேக்குது, இதை விரல்ல மாட்டிப் பாத்துட்டு சொல்லு" என்று ஆக்சிமீட்டரை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றீர்கள். ஆக்சிஜன் அளவு 91 காட்டியது. அது எவ்வளவு மோசம் என்றுகூட நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்து நாள் ஆக்சிஜனில் இருந்து அப்பா வீடு திரும்பினார்.

அப்புறம், பின் தெருத் தண்ணீர்க் குழாயடிப் பெண்களுக்கும் நன்றி. ஒற்றை அறை வீடு, பொதுக் கழிப்பறை, அங்கே யார் யாரை விட்டு விலகி இருக்க முடியும்? ஆனாலும் குடம் வைக்கச் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வட்டம் தாண்டினவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எங்கள் லிஃப்டிலோ மாஸ்க் எல்லோருக்கும் தாடையில்தான். நீங்கள் சொல்வதை எப்படி அப்படியே நம்புகிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் ஒரு முறை கேட்டேன், "அக்கா நம்ம தெருப் பொண்ணு, அது எதுக்கு நம்மகிட்ட பொய் சொல்லப் போவுது?" என்றார்கள். அந்த நம்பிக்கை என் மாடியில் யாருக்கும் யார்மேலும் இருக்கவில்லை.

2021 ஏப்ரலில் தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள் நடிகர் விவேக் இறந்தபோது மாடி, குடிசை என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் பயந்தோம். "நான் எப்பவோ போட்டுக்கிட்டேன், தினம் வண்டி தள்ளிட்டுதானே இருக்கேன்" என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டே குப்பை வாங்கிய தூய்மைப் பணியாளர் அண்ணனுக்கு என் கும்பிடு. நானும் அவரைப் பார்த்துத்தான் போனேன்.

படிப்பு நிஜமாகவே உதவிய இடம் ஒன்று உண்டு. மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி என்றதும் கோவின் தளத்தில் பதிவு செய்யணும் என்றார்கள், அதுவும் அப்போது ஆங்கிலத்தில். பின் தெருவில் ஸ்மார்ட்ஃபோன் இருந்தவர்களுக்கே அது புரியவில்லை. கீழ்வீட்டுக் கல்லூரித் தங்கை மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் பதிந்து கொடுத்தாள். அவளுக்கும் நன்றி.

அக்கா, உங்கள் நோட்டில் அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டுக்கு நேரே "இல்லை" என்றுதான் இருக்கும். அது இன்னும் எங்காவது இருந்தால், "இருந்தது" என்று திருத்திவிடுங்கள்.