செல்வத்துக்கு, டிஸ்க் போடுகிற மாடலைப் பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் மெசேஜ் கிடைத்தது. அம்மா வாக்கர் இல்லாமல் திண்ணை வரை நடந்து வந்தார்கள் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. அவர்கள் முட்டி ஆபரேஷனுக்குச் சம்மதித்ததே பெரிய விஷயம். பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட விடாதே. என் மாமியார் வலிக்கிறது என்று ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டு, இன்றுவரை முழங்காலை முழுசாக மடக்க முடியாமல் சிரமப்படுகிறார். இங்கே நாங்கள் நலம். சின்னவள் பள்ளி நீச்சல் அணியில் சேர்ந்திருக்கிறாள். காலை ஐந்தரைக்கு அவளை எழுப்பிக் கொண்டுபோய் விடுவது என் வேலை.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பில் சொன்ன மார்க்கை எடுத்துவிட்டான், நீ சொன்ன சோனி கேம் பெட்டி, பிளேஸ்டேஷன் 5-ஐ வாங்கித்தான் ஆகவேண்டும். கடையில் இரண்டு மாடல் காட்டுகிறார்கள், டிஸ்க் போடாதது (கேமை இன்டர்நெட்டில் இறக்கித்தான் ஆட முடியும்) விலை குறைவு, எதை வாங்க என்று கேட்டிருக்கிறாய். டிஸ்க் போடுகிறதை வாங்கு. இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கூடுதலாகப் பணம் கொடுக்கச் சொல்கிறவன் காரணத்தையும் சொல்ல வேண்டும். அது ஃபோனில் அடங்காது.

2013 கோடையில் நான் டெக்சஸில் படித்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடு, ஒரு டிவி, மைக்ரோசாப்டின் கேம் பெட்டியான ஒரு பழைய எக்ஸ்பாக்ஸ் 360. புது கேம் ஒன்று 60 டாலர். லைப்ரரியில் புத்தகம் அடுக்கிச் சம்பாதிக்கிற எனக்கு அது ஒரு வாரத்துச் சாப்பாட்டுக் காசு. அதனால் முறை வைத்துக்கொண்டோம். ஒருத்தன் வாங்குவான், நாலு பேரும் ஆடி முடிப்போம், அப்புறம் அந்த டிஸ்க்கை கேம்ஸ்டாப் கடையில் கொடுத்து, கிடைத்த 20, 25 டாலரோடு மிச்சத்தைப் போட்டு அடுத்ததை வாங்குவோம். நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை சீனியர் அண்ணன்களிடம் அரை விலைக்கு வாங்குவோமே, அதே கணக்குதான். என் இயற்பியல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மூன்று பேர் பெயர் வரிசையாக அடித்திருக்கும், நாலாவதாக என் பெயர், ஞாபகம் இருக்கிறதா? அதை நான் வேறொருத்தனுக்குக் கொடுத்தபோது பதிப்பகத்தாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

அந்த மே 21-ஆம் தேதி மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற புதுப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. ஜூன் 6-ஆம் தேதி அதற்கான விதிகளை வெளியிட்டார்கள். கேமை ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டால் டிஸ்க் இல்லாமலே ஆடலாம். அதற்குப் பதிலாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டி இன்டர்நெட் வழியாக அவர்களுடைய சர்வருக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் கேம் ஓடாது. நண்பன் வீட்டுப் பெட்டியில் உன் கேமை ஆடினால் அந்தக் கெடு ஒரு மணி நேரம்தான். பழைய டிஸ்க்கை விற்கலாமா என்பதை கேமை வெளியிடுகிற கம்பெனி தீர்மானிக்கும், அதுவும் ஒப்பந்தம் உள்ள கடைகளில் மட்டும். நண்பனுக்குச் சும்மா கொடுக்கலாம். ஆனால் அவன் உன் நண்பர் பட்டியலில் குறைந்தது 30 நாள் இருந்திருக்க வேண்டும், ஒரு கேமை ஒரே ஒரு தடவைதான் கொடுக்க முடியும்.

நாங்கள் நாலு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். இரண்டாவது ஆளிடம் போன டிஸ்க் மூன்றாவது ஆளிடம் போகாது. எங்கள் வீடு நடந்த விதமே அதோடு முடிந்தது.

எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. படிப்பை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் அந்தப் பெட்டி அங்கே வேலை செய்யுமா? முதலில் அறிவித்த 21 நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. போலந்துகூட இல்லை. அந்த ஜூனில் மைக்ரோசாப்ட் மேடையிலேயே காட்டப்பட்ட விட்சர் 3 என்ற கேம் போலந்தின் வார்சாவில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. அதைச் செய்கிறவர்களே தங்கள் ஊரில் அதை ஆட முடியாது என்கிற நிலை. இன்டர்நெட் கிடைக்காதவர்கள் என்ன செய்வது என்று கேட்டதற்கு, எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவர் டான் மேட்ரிக், அவர்களுக்காக எங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது, அதன் பெயர் எக்ஸ்பாக்ஸ் 360 என்று பதில் சொன்னார். அந்த வருஷம் கோவில்பட்டியில் கரண்ட் எப்போது வரும் என்று நீ காத்துக் கிடந்ததை அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தப் பதில் இன்றும் எனக்குக் கோபம் தருகிறது. கிராமத்தில் இருக்கிறவன், கப்பலில் வேலை பார்க்கிறவன், ராணுவத்தில் இருக்கிறவன் என்று எத்தனை பேரை ஒரே வாக்கியத்தில் வெளியே தள்ளிவிட்டார்!

எங்கள் வீட்டில் கார்த்தி மட்டும் மைக்ரோசாப்ட் பக்கம். கோயம்புத்தூர்க்காரன், ஒரு சின்ன கேம் ஸ்டூடியோவில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பழைய டிஸ்க்கைக் கடைக்காரன் 25 டாலருக்கு வாங்கி 50-க்கு மேல் விற்கிறான், அதில் மூன்று வருஷம் தூங்காமல் கேம் செய்தவனுக்கு ஒரு சென்ட்கூடப் போவதில்லை என்பான். கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடை வழியாக வாங்குகிற கேமை யாருக்கும் விற்க முடியாதே, அங்கே ஏன் யாரும் சண்டை போடவில்லை என்று கேட்பான். அவனுக்குப் பிடித்தது இன்னொன்று. குடும்பத்தில் 10 பேர் வரை ஒரே கேம் நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருந்தது. நீ கோவில்பட்டியிலும் நான் டெக்சஸிலும் இருந்து ஒரே நூலகத்தை வைத்துக்கொள்ளலாம், யோசித்துப் பார் என்பான்.

நான் சொன்னது இதுதான். நாங்கள் கொடுத்த 60 டாலரில் 25 டாலர், முன்னால் வாங்கிய டிஸ்க்கை விற்ற காசு. பழைய டிஸ்க் விலைபோகாது என்றால் எங்களால் புதுசு வாங்கவே முடியாது. கேம் செய்தவனுக்கு அந்தப் பணம் சுற்றி வந்து சேரத்தான் செய்கிறது. மேலும், ஒரு பொருளை விற்றுக் காசு வாங்கிக்கொண்ட பிறகு அது என் வீட்டுப் பொருள். இதில் கோர்ட்டுகளே எங்கள் பக்கம் நின்றிருக்கின்றன. ஒரு பதிப்பகம் தன் நாவலில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சடித்தது. மேசிஸ் கடைக்காரர்கள் 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் தடவை விற்றதோடு பதிப்பாளரின் பிடி முடிந்தது என்று 1908-இல் தீர்ப்பு வந்தது. ஜப்பானில் கேம் கம்பெனிகள் பழைய டிஸ்க் கடைகள் மேலேயே வழக்குப் போட்டன. 2002-இல் அங்கே உச்ச நீதிமன்றம் கடைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கார்த்தி விடவில்லை. நீ வாங்குவது பொருள் இல்லை, லைசென்ஸ் என்றான். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் பழைய பிரதிகளை விற்ற ஒருவர் 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றதை எடுத்துக் காட்டினான். மூன்று நாள் இதே பேச்சு, சமைக்கும்போதும், துணி துவைக்கிற இடத்திலும்.

ஜூன் 10-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் இ3 என்ற கேம் கண்காட்சியை ஒட்டிய அறிமுக நிகழ்ச்சிகள். சோனியின் நிகழ்ச்சியை லேப்டாப்பில் நேரலையாகப் பார்த்தோம். சோனியின் அமெரிக்க பிளேஸ்டேஷன் பிரிவின் தலைவர் ஜாக் ட்ரெட்டன் மேடைக்கு வந்து, பிளேஸ்டேஷன் 4-இல் பழைய கேம்களுக்குத் தடை எதுவும் கிடையாது, கடையில் விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், காலம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்றார். அரங்கமே எழுந்து நின்று கத்தியது. எங்கள் சோபாவும் அப்படித்தான். விலை 399 டாலர், எக்ஸ்பாக்ஸை விட 100 டாலர் குறைவு. அன்றே ஒரு சின்ன வீடியோவும் வெளியிட்டார்கள். பிளேஸ்டேஷனில் கேமைப் பகிர்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற வீடியோ. சோனியின் கேம் ஸ்டூடியோக்களின் தலைவர் ஷூஹேய் யோஷிதா ஒரு டிஸ்க் பெட்டியைப் பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுக்கிறார். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ. நீயும் நானும் தெரு முனையில் கான்ட்ரா கேசட்டை மாற்றிக்கொண்டது போலவே இருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்புவாய்தானே?

ஒன்பது நாளில், ஜூன் 19-ஆம் தேதி, மைக்ரோசாப்ட் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. 24 மணி நேரக் கெடு போயிற்று, டிஸ்க் விற்கத் தடை போயிற்று, நாட்டுக் கட்டுப்பாடும் போயிற்று. கூடவே அந்த 10 பேர் நூலகமும் போயிற்று. கார்த்தி அன்று ராத்திரி யாரோடும் பேசவில்லை. அவன் வருத்தம் நியாயமானதுதான் என்று பிறகு புரிந்தது. ஏனென்றால் அதே செப்டம்பரில் ஸ்டீம் குடும்பப் பகிர்வைச் சோதனையாகத் தொடங்கியது. டிஸ்க்கைப் பூட்டாமலும் அதைச் செய்திருக்கலாம்.

செல்வம், அன்றைக்கு நாங்கள் ஜெயித்ததாக நினைத்தேன். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்று விதி போட்டு எங்களிடமிருந்து எடுக்கப் பார்த்தபோது உலகமே சண்டை போட்டது. அதே உரிமையை அடுத்த பத்து வருஷத்தில் நாங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டோம். சோபாவை விட்டு எழாமல் வாங்கலாம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கே ஆடலாம், தள்ளுபடி வரும். நானும் அப்படித்தான் வாங்கினேன். 2020-இல் டிஸ்க் டிரைவே இல்லாத பிளேஸ்டேஷன் 5 வந்தபோது யாரும் எழுந்து நின்று கத்தவில்லை. 2024-இல் வந்த புரோ மாடலில் டிரைவே கிடையாது, வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வீடியோ போட்டு எங்களைக் கண்கலங்க வைத்த அதே சோனிதான்.

எனக்கே ஒன்று நடந்தது. படிக்கும்போது ஒரு கம்பெனியின் ஆன்லைன் கடையில் கல்லூரி மின்னஞ்சலை வைத்து அக்கவுண்ட் திறந்திருந்தேன். படிப்பு முடிந்து சில வருஷத்தில் அந்த மின்னஞ்சல் போயிற்று. அப்புறம் ஒருநாள் அக்கவுண்ட் பூட்டிக்கொண்டது. நான்தான் அதன் சொந்தக்காரன் என்று நிரூபிக்க அவர்கள் கேட்ட எதையும் என்னால் கொடுக்க முடியவில்லை. பதினாலு கேம், எல்லாம் போச்சு. அதே காலத்தில் வாங்கிய டிஸ்க்குகள் இப்போதும் என் அலமாரியில் இருக்கின்றன, போட்டால் ஓடுகின்றன.

டிஸ்க் இருந்தால் எல்லாம் பத்திரம் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். யூபிசாஃப்டின் தி க்ரூ என்கிற கார் பந்தய கேம் 2014-இல் வந்தது. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. அந்தக் கோபத்தில் ராஸ் ஸ்காட் என்பவர் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்று ஒரு இயக்கம் தொடங்கினார். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவர்கள் மனுவில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில், இது லைசென்ஸ் மட்டுமே என்று சொல்லாமல் ஆன்லைன் கடைகள் 'வாங்கு' என்று பட்டன் போடக் கூடாது என 2025 ஜனவரியிலிருந்து சட்டம். டவுன்லோடு செய்த கேமை விற்கலாம் என்று 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று ஸ்டீமுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2022-இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. கார்த்தி அதை எனக்கு ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அனுப்பியிருந்தான். இப்போது அவனுக்கே சொந்த ஸ்டூடியோ. போன மாதம் பேசியபோது, என் கேமை யாராவது பத்து வருஷம் கழித்து ஆட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது என்றான். இருவரும் அதற்கு மேல் வாதாடவில்லை.

ஆகவே, டிஸ்க் மாடல். இப்போது வருகிற பெட்டியில் டிரைவைத் தனியாகக் கழற்றி மாட்டலாம், முதல் தடவை மாட்டும்போது மட்டும் இன்டர்நெட் வேண்டும். உன் ஃபோன் ஹாட்ஸ்பாட் போதும். கடைக்காரன் டிரைவ் இல்லாததை எடுத்துக்கொண்டு அப்புறம் மாட்டிக்கொள்ளுங்கள் என்றால் கேட்காதே, அந்த அப்புறம் வராது. பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் பெரும்பாலும் அதில் ஓடும், இந்த நாட்டு டிஸ்க்கும் அங்கே ஓடும். கூடுதல் பகுதிகளை மட்டும் ஆன்லைனில் வாங்கினால் நாடு பொருந்தாமல் போகலாம், அவனிடம் சொல்லிவை.

டிசம்பரில் வரும்போது ஒன்பது டிஸ்க் கொண்டுவருகிறேன். எல்லா உறையின் உள்பக்கத்திலும் என் பெயர் எழுதியிருக்கும். மருமகன் அதற்குக் கீழே அவன் பெயரை எழுதிக்கொள்ளட்டும். ஆடி முடித்ததும் வகுப்பில் யாருக்காவது கொடுக்கட்டும், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை.

அம்மாவுக்கு முழங்காலில் மாட்டுகிற பட்டை இங்கே நல்லதாகக் கிடைக்கிறது. முட்டிக்கு நாலு விரல் மேலேயும் கீழேயும் சுற்றளவு எடுத்து அனுப்பு.

அன்புடன்,
பாலு