கிழிஞ்ச டாலர் நோட்டு

ஆசிரியருக்கு வணக்கம். போன மாசம் கம்போடியால அங்கோர்வாட் பாக்கப் போயிருந்தோம், அங்க கடை, டுக்டுக் எல்லாத்துலயும் டாலர் ஓடுது, சில்லறைதான் அந்த நாட்டுக் காசான ரியல்ல தர்றாங்க, ஒரு டாலருக்கு சுமார் 4000 ரியல். ஆனா நோட்டு ஓரத்துல துளி கிழிஞ்சிருந்தாலும் வாங்க மாட்டேங்கறாங்க. எங்க 100 டாலர் நோட்டுல மடிப்புல சின்ன கிழிசல், அங்கோர்வாட் பக்கத்து ஊரான சியாம் ரீப்ல நாலு கடை ஏறி இறங்கியும் மாறல, அம்மாவோட மருந்துச் செலவுக்குன்னு வெச்சிருந்த காசு சார் அது, ரொம்ப கஷ்டமாயிடுச்சு. பாதிக்கு மேல மிச்சம் இருக்கற நோட்டுக்கு அமெரிக்க அரசு முழு மதிப்பும் தரும்தான், போன இடத்து அவசரத்துக்கு அது உதவுமா? நம்மூர் மணி சேஞ்சர்ங்க கிழிசல், பேனா கிறுக்கல், முத்திரை விழுந்த நோட்டை ஜனங்க தலையில கட்டாம இருக்கணும். டாலர் வாங்கறவங்களும் கவுண்ட்டர்லயே ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, சரியில்லன்னா அங்கயே மாத்திக்குங்க.

- ஒரு வாசகர், சேலம்