ஆயாம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

வைவா நேற்று முடிந்தது. இடையில் என்ன நடந்தது, நான் ஏன் ஒரு செமஸ்டர் காணாமல் போனேன் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைக் கிளற வேண்டாம்.

காது கேட்பது பற்றிய படிப்பான எம்.எஸ்சி. ஆடியாலஜிக்குத் திரும்பி வந்தபோது ஆய்வேட்டுக்கு வேண்டிய டேட்டா பாதிகூடச் சேரவில்லை. என் தலைப்பு, கைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பேரா (BERA) டெஸ்ட். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டி, காதுக்குள் 'டிக் டிக்' என்று ஒலி அனுப்பி, நரம்பின் பதிலைப் பதிவு செய்வோம். அந்தப் பதில் 1 மைக்ரோவோல்ட்கூடத் தேறாது. ஆயிரம், இரண்டாயிரம் தடவை சராசரி எடுத்தால்தான், ஒலி கேட்கிறது என்பதற்கு நாங்கள் முக்கியமாகத் தேடும் ஐந்தாவது அலை திரையில் தலைகாட்டும். அதற்குள் குழந்தை முழித்துக் காலை உதறினால் போச்சு. எல்லாக் குழந்தைக்கும் தூக்க மருந்து கொடுக்கவும் முடியாது.

எங்கள் ஓ.பி. ஆயாம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஒருநாள் உள்ளே வந்து, "நீ மிசினப் பாரு பாப்பா, புள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்புறம் தேதி வாங்க வரும் அம்மாக்களை அவரே வாசலில் பிடித்துவிடுவார். வரும் வழியில் பஸ்ஸில் தூங்க விடாதே, பாலை இங்கே வந்து கொடு, தலைக்கு ஊற்றிக் கூட்டிவா, எண்ணெய் மட்டும் வைக்காதே. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எலக்ட்ரோடு சரியாக ஒட்டாது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. நாங்கள் பஞ்சால் துடைத்துத் துடைத்து அல்லாடுவதைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, "இன்னும் அசரல, இரு" என்பார். திரையும் அதையேதான் சொல்லும்.

பிறந்து 3 மாதத்துக்குள் குறையைக் கண்டுபிடித்து, 6 மாதத்துக்குள் ஹியரிங் எய்டோ பயிற்சியோ தொடங்க வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். குழந்தை தூங்காததால் மட்டும் ஒரு டெஸ்ட் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனால், அந்தக் கணக்கு எவ்வளவு சுலபமாக உடைகிறது!

கைடு மேடத்துக்கும், என் கிளினிக் போஸ்டிங்கை மாற்றிக்கொண்ட வகுப்புத் தோழர்களுக்கும், ஹாஸ்டல் ஃபீஸ் கட்டிய சித்தப்பாவுக்கும், குழந்தைகளோடு வந்த எல்லா அம்மாக்களுக்கும் நன்றி. ஆய்வேட்டின் நன்றிப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆயாம்மாவின் மகள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுவாள் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

ஆயாம்மா, நான் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் பேராவுக்குத் தேதி கொடுக்கும் சீட்டில் உங்கள் வார்த்தைகளைத் தமிழிலேயே அச்சடித்துக் கொடுப்பேன். எண்ணெய் விஷயம்தான் முதல் வரி.