தத்துவ மாநாட்டுக்குக் கை கொடுத்தவங்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வட்டார தத்துவ மாநாடு ஒரு வழியா நல்லபடியா முடிஞ்சுது. நிறைவு விழாவுல நன்றியுரைன்னு மைக்கை கையில குடுத்தாங்க, வழக்கம்போல துணைவேந்தர், டீன், துறைத் தலைவர்னு மேல இருந்து ஆரம்பிச்சு பாதியிலயே நேரம் முடிஞ்சு போச்சு. அவங்களுக்குச் சொன்னதுல தப்பில்ல, ஹாலும் பணமும் அவங்க குடுக்கலேன்னா இது நடந்தே இருக்காது. ஆனா மாநாட்டை நிஜமா தூக்கி நிறுத்தினவங்க பல பேரோட பேரு அழைப்பிதழ்லயே இல்ல. இந்த மடல் அவங்களுக்கு.

முதல்ல ரிவ்யூவர்ஸ். வந்த பேப்பர்ல இருந்து பேரு, யுனிவர்சிட்டி, "என் முந்தைய கட்டுரையில காட்டின மாதிரி"ங்கற வரி வரைக்கும் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் உங்களுக்கு அனுப்பினோம், அதனால நீங்க படிச்சது ஒரு சீனியர் ப்ரொஃபசர் எழுதினதா, இப்பதான் பிஹெச்டி சேர்ந்த பையன் எழுதினதான்னு உங்களுக்குத் தெரியாது, உங்க பேரும் அவங்களுக்குத் தெரியாது. பேரும் வராது, காசும் வராது, இருந்தும் நிராகரிச்ச பேப்பருக்குக்கூட உக்காந்து ரெண்டு பாரா எழுதி அனுப்பியிருந்தீங்க. "மூணாவது பக்கத்து வாதத்தை மட்டும் தனியா எடுத்து எழுதுங்க, சரக்கு அங்கதான் இருக்கு"ன்னு ஒருத்தருக்கு எழுதியிருந்தீங்க பாருங்க, அவரு பேப்பர் செலக்ட் ஆகலேன்னாலும் சொந்த செலவுல வந்து முழுசா உக்காந்து கேட்டுட்டுப் போனாரு.

அடுத்து கமெண்டேட்டர்ஸ், இவங்களைப் பத்திக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும். பேப்பர் படிக்கிறவருக்கு 20 நிமிஷம், அதுக்குப் பதில் சொல்ல கமெண்டேட்டருக்கு 10 நிமிஷம், அப்புறம் சபைக்கு விடுறதுன்னு வெச்சிருந்தோம். எத்தனையோ கருத்தரங்குல பாத்திருப்பீங்க, பேப்பர் படிச்சு முடிச்சதும் "அருமையான உரை"ன்னு கைதட்டிட்டு சர்டிஃபிகேட் வாங்க வரிசையில நிப்போம். இங்க ஒரு ஆளு உங்க பேப்பரை முன்கூட்டியே வாங்கி, வரி வரியா படிச்சு, என்ன சொல்லப் போறாருங்கறதை உங்களுக்கு முன்னாடியே அனுப்பியும் வெச்சிடுறாரு. மேடையில வெச்சு மடக்குற வேலையே கிடையாது.

ஒரு செஷனை மட்டும் சொல்றேன். ஒரு மாணவி தர்மோத்தரர் பத்தி பேப்பர் வாசிச்சாங்க. 1963ல அமெரிக்க தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் மூணே பக்கத்துல, நியாயமான காரணத்தோட ஒரு உண்மையை நம்பினா அது அறிவாயிடுமான்னு கேட்டு, ஆகாதுன்னு காட்டினாரே, அதே மாதிரி உதாரணம் 8ஆம் நூற்றாண்டுலயே பௌத்த தர்க்கவாதி தர்மோத்தரர்கிட்ட இருக்கு: தாகத்துல வர்றவன் கானல் நீரைப் பாத்துட்டு தண்ணி இருக்குன்னு நம்பி ஓடுறான், போன இடத்துல பாறைக்கு அடியில நிஜமாவே தண்ணி இருக்கு, நம்பினது உண்மைதான், ஆனா குருட்டு அதிர்ஷ்டத்துல. ஆக நம்மாளுதான் முதல்ல சொன்னாருங்கறது பேப்பரோட முடிவு. கமெண்டேட்டர் அதை மறுக்கவே இல்ல, ஆனா ஒரு கேள்வி வெச்சாரு. தர்மோத்தரருக்கு முன்னோடியான தர்மகீர்த்தியோட மரபுல நம்பி இறங்கினா ஏமாத்தாத ஞானம்தான் பிரமாணம், அதாவது சரியான அறிவு, அதை செயல் பலிக்கிறதோட சேத்துத்தான் பாப்பாங்க. இவனுக்குத் தண்ணி கிடைச்சிருச்சு, செயல் பலிச்சிருச்சு, அப்ப கானல் நீரைப் பாத்தது பிரமாணம் ஆயிடுமா? அதுதானே தர்மோத்தரருக்கு இருந்த சிக்கல், கெட்டியருக்கு அது இல்லையே, கதை ஒண்ணா இருந்தா கேள்வியும் ஒண்ணாயிடுமான்னாரு. "யாரு முதல்லங்கறதை விட்டுடுங்க, அவரு யாருக்குப் பதில் சொல்லிட்டிருந்தாருன்னு தேடுங்க, பேப்பர் இன்னும் கனமாகும்"னு முடிச்சாரு. அந்தப் பொண்ணு முகத்துல வாட்டமே இல்ல, ஹேண்ட்அவுட்டைத் திருப்பிப் போட்டு விறுவிறுன்னு எழுத ஆரம்பிச்சிட்டாங்க. அந்த 10 நிமிஷத்துக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

செஷன் சேர் பண்ணவங்களுக்கு ஒரு கும்பிடு. புதுக் கேள்வின்னா கையைத் தூக்கு, இப்ப ஓடுற கேள்வியை ஒட்டியே கேக்கணும்னா ஒரு விரலை மட்டும் காட்டுங்கற முறையை முதல் செஷன்லயே பழக்கி விட்டுட்டீங்க, முதல் கேள்வி மாணவர்களுக்குத்தான்னும் கறாரா நின்னீங்க. "இது கேள்வி இல்ல, சின்னதா ஒரு கருத்து"ன்னு எழுந்து தனிச் சொற்பொழிவு ஆரம்பிக்கிறவங்க எல்லா மாநாட்டுலயும் உண்டு (நானும் அந்த ஜாதிதான்னு துறையில சொல்லுவாங்க, அது கிடக்கட்டும்), அவங்களையும் மனசு நோகாம உக்கார வெச்சீங்களே, அது பெரிய வித்தை.

வாலண்டியர் பசங்களா, உங்களை எப்படி மறக்கறது. லாஜிக் பேப்பரோட ஹேண்ட்அவுட் பிரிண்ட் ஆகி வந்தா, தலைகீழ் ஏ, திருப்பிப் போட்ட ஈங்கற தர்க்கக் குறி எல்லாம் வெறும் கட்டம் கட்டமா நிக்குது, ஃபாண்ட் இல்லையாம். செஷன் ஆரம்பிக்க நேரமே இல்லாதப்ப நாலஞ்சு பேரு தரையில உக்காந்து ஒவ்வொரு காப்பியிலயும் பேனாவால குறியைப் போட்டு முடிச்சீங்க. அதுலயும் ஒருத்தன் போடும்போதே ஒரு அடைப்புக்குறி விட்டுப் போச்சுன்னு கண்டுபிடிச்சு பேச்சாளர்கிட்டயே போய் காட்டிட்டான், அவரு அசந்து போயிட்டாரு.

கீநோட் குடுத்தவங்க தன் உரை முடிஞ்சதும் கிளம்பிடாம கடைசி மாணவர் செஷன் வரைக்கும் பின் வரிசையில உக்காந்திருந்தாங்க, ரொம்ப நன்றி மேடம். காலையில எல்லாருக்கும் முன்னாடி வந்து ஹாலைத் திறந்து கூட்டிப் பெருக்கி வெச்ச அக்காங்களுக்கும், மைக் கத்துறப்ப எல்லாம் ஓடி வந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் நன்றி.

அடுத்த தடவை நடத்தப் போற துறைக்கு ரிவ்யூவர், கமெண்டேட்டர் லிஸ்ட்டை அவங்கவங்ககிட்ட அனுமதி கேட்டுட்டு அனுப்பி வெக்கிறோம், இந்தத் தடவை பேப்பர் வாசிச்சவங்க அடுத்த தடவை கமெண்டேட்டரா வர ரெடின்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம், பயணப்படி பில் இன்னும் குடுக்காதவங்க தயவுசெஞ்சு சீக்கிரம் அனுப்பிடுங்க, கணக்கை முடிச்சுட்டா திரும்பத் திறக்க மாட்டேங்கறாங்க.