ஒரே ஆர்டர் மூன்று முறை போனதும், சில ஆர்டர்கள் போய்ச் சேராததும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கடந்த சில வாரங்களில் உங்களிடமிருந்து இரண்டு விதமான புகார்கள் எங்களுக்கு வந்தன. இணையக் கடையில் ஒருமுறை போட்ட ஆர்டர் கிடங்கில் மூன்று முறை அச்சாகிறது என்றார்கள் சிலர். போட்ட ஆர்டர் கிடங்குக்கு வரவே இல்லை என்றார்கள் வேறு சிலர். ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றும் இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதும், அது உங்கள் மென்பொருள்களுக்கிடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் எங்கள் வழித்தடத்தில் நாங்கள் வெளிப்படையாக எழுதாமல் விட்ட ஓர் அமைவு என்பதும் இப்போது உறுதியாகிவிட்டன. தவறு எங்களுடையது; அதற்காக வருந்துகிறோம். என்ன நடந்தது, என்ன மாற்றியிருக்கிறோம், அந்த மாற்றத்தால் உங்கள் பக்கம் எது வேறுபடும் என்பதை விளக்கவே இந்த மடலை எழுதுகிறோம்.

உங்கள் மென்பொருள்களை இணைக்க நாங்கள் பயன்படுத்துவது அப்பாச்சி கேமல். இது 2007 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் திறந்த மூல ஜாவா கட்டமைப்பு. செய்தி எங்கிருந்து வருகிறது, வழியில் அதற்கு என்ன செய்ய வேண்டும், எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை இதில் வழித்தடமாக எழுதுகிறோம். பயணம் முழுவதும் செய்தி தனியாகச் செல்வதில்லை. எக்ஸ்சேஞ்ச் எனப்படும் ஓர் உறைக்குள் செல்கிறது. அனுப்பியவர் பதிலுக்காகக் காத்திருக்கிறாரா, இல்லையா என்பது அந்த உறையின் மேல் குறிக்கப்பட்டிருக்கும். காத்திருந்தால் அது இன்-அவுட் முறை, காத்திருக்காவிட்டால் இன்-ஒன்லி முறை. நாம் எதுவும் எழுதாவிட்டால், பயணம் தொடங்கிய இடத்தில் இட்ட குறியே கடைசி வரை தொடரும். உங்கள் ஆர்டர் இணையக் கடையிலிருந்து எச்டிடிபி என்ற இணைய நெறிமுறை வழியாக வருகிறது. அங்கே ஒருவர் திரையின் முன் பதிலுக்குக் காத்திருப்பதால் உறையில் இன்-அவுட் என்றே குறி விழுகிறது.

அந்த ஆர்டரை எங்கள் வழித்தடம் ஆக்டிவ்-எம்க்யூ வரிசையில், அதாவது பெறும் மென்பொருள் எடுக்கும்வரை செய்திகளை வைத்திருக்கும் மென்பொருளின் வரிசையில், கொண்டுபோய்ப் போடுகிறது. போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். ஆனால் உறையில் இன்-அவுட் என்று இருந்ததால், கேமல் அதை ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபால்போல அனுப்பியது. பதில் வரவேண்டிய முகவரியையும் செய்தியில் சேர்த்து, பதில் வரும்வரை அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் கேமல் 20 விநாடிகள் நிற்கும். அதற்குள் பதில் வராவிட்டால், செய்தி வரிசையில் பத்திரமாகச் சேர்ந்திருந்தாலும், அனுப்புதல் தோற்றுவிட்டதாகவே கணக்கில் கொள்ளும்.

அப்படியானால் இத்தனை காலம் சரியாக நடந்தது எப்படி என்று கேட்பீர்கள். நாங்களும் இந்தக் கேள்வியில்தான் நீண்ட நேரம் சிக்கிக்கொண்டோம். முன்பு கிடங்குப் பக்கம் வரிசையிலிருந்து ஆர்டரை எடுத்ததும் நாங்கள் எழுதிய ஒரு கேமல் வழித்தடமே. செய்தியில் பதில் முகவரி இருந்தால் கேமல் தன் வேலை முடிந்ததும் தானாகவே அந்த முகவரிக்குப் பதில் அனுப்பிவிடும். ஆகவே எங்களுக்கே தெரியாமல் ஒப்புகை அட்டை ஒவ்வொரு முறையும் சில நொடிகளில் திரும்பி வந்துகொண்டிருந்தது. உங்களில் சிலர் கிடங்கு மென்பொருளை மாற்றிய பிறகு, புதிய மென்பொருள் ஆர்டரை எடுத்துக்கொண்டு தன் வேலையைச் செய்தது, பதில் அனுப்பவில்லை. அதில் அந்த மென்பொருளின் பிழை எதுவும் இல்லை, ஏனெனில் பதில் அனுப்ப வேண்டும் என்று யாரும் அதனிடம் கேட்டதில்லை.

மூன்று முறை அச்சானதற்குக் காரணம் இதுதான். அனுப்புதல் தோற்றால் மேலும் 2 முறை முயல வேண்டும் என்று எங்கள் வழித்தடத்தில் எழுதியிருந்தோம். கேமல் மறுபடி முயலும்போது வழித்தடத்தின் தொடக்கத்திலிருந்து அல்ல, தோற்ற இடத்திலிருந்தே முயலும். இங்கே தோற்ற இடம் வரிசையில் போடும் இடம். எனவே 20 விநாடி காத்திருந்து, 1 விநாடி இடைவெளி விட்டு, அதே ஆர்டரை மீண்டும் போட்டது. பிறகு இன்னொரு முறையும் போட்டது. ஏறத்தாழ 62 விநாடிகளுக்குப் பின் இணையக் கடைக்குப் பிழைச் செய்தி போனபோது, கிடங்கில் மூன்று பிரதிகள் அச்சாகியிருந்தன.

ஆர்டர் போய்ச் சேராததற்குக் காரணம் இதைவிட மறைவானது. இன்-அவுட் முறையில் வரிசைக்குச் செய்தி அனுப்பும்போது, காத்திருக்கும் நேரத்தையே கேமல் அந்தச் செய்தியின் ஆயுளாகவும் எழுதிவிடுகிறது. பதிலுக்குக் காத்திருப்பவர் போன பிறகு கேள்விக்குப் பயன் இல்லை என்ற முறையில் அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஆர்டருக்கு அது பொருந்தாது. கிடங்குக் கணினி அணைந்திருந்தாலோ, வேலை நெருக்கடியில் தாமதமானாலோ, 20 விநாடிகளில் ஆர்டர் காலாவதியானது. காலாவதியான செய்திகளை ஆக்டிவ்-எம்க்யூ தன் டிஎல்க்யூ என்ற தனி வரிசைக்கு நகர்த்தும். உங்கள் ஆர்டர்கள் அங்கேதான் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே ஆர்டர் எண்ணின் பிரதிகளை நீக்கி, உரியவர்களிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இதைக் கண்டுபிடிக்கத் தாமதமானதையும் மறைக்க விரும்பவில்லை. முதலில் காத்திருப்பு நேரத்தை 60 விநாடிகளாக உயர்த்திப் பார்த்தோம். அப்போது வராமல் போகும் ஆர்டர்கள் குறைந்தன. பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணிவிட்டோம். உண்மையில் நேரத்தை உயர்த்தியதால் செய்தியின் ஆயுளும் கூடியது, அவ்வளவுதான். மூன்று பிரதிகள் தொடர்ந்து வந்தன, இணையக் கடை காத்திருக்கும் நேரமோ 3 நிமிடங்களைத் தாண்டியது. ஆக்டிவ்-எம்க்யூவின் கண்காணிப்புப் பக்கத்தை, அதாவது சர்வரின் 8161 எண் கொண்ட போர்ட்டில் திறக்கும் பக்கத்தை, முதல் நாளே பார்த்திருந்தால் டிஎல்க்யூவில் எண்ணிக்கை ஏறுவதைக் கண்டிருப்போம்.

இப்போது வரிசைக்கு அனுப்பும் ஒவ்வோர் இடத்திலும் இன்-ஒன்லி என்று வெளிப்படையாக எழுதிவிட்டோம். இணையக் கடை அதே ஆர்டரை மீண்டும் அனுப்பினால் தடுப்பதற்காக, ஆர்டர் எண்ணைத் தரவுத்தளத்தில் குறித்துவைத்துச் சரிபார்க்கும் படியையும் சேர்த்திருக்கிறோம். இதனால் வெற்றிச் செய்தியின் அர்த்தம் மாறுகிறது. அதை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும். முன்பு இணையக் கடைக்குக் கிடைத்த வெற்றிச் செய்திக்கு, கிடங்கு ஆர்டரை எடுத்து முடித்துவிட்டது என்று பொருள். இனி அதற்கு, ஆர்டர் வரிசையில் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது என்று மட்டுமே பொருள். உங்கள் திரையில் ‘கிடங்கு ஏற்றுக்கொண்டது’ என்று இருந்தால், அதை ‘ஆர்டர் பெறப்பட்டது’ என்று மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

புகார்களை ஆராயும்போது கண்ட மேலும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். கோப்புறையில் வைத்த விலைப்பட்டியல் கோப்பு மாயமாகிவிட்டது என்று சொன்னவர்கள், அதே கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் ‘.கேமல்’ என்ற ஆங்கிலப் பெயருடைய உள்கோப்புறையைப் பார்க்கவும். வேலை முடிந்த கோப்பைக் கேமல் அங்கே நகர்த்துகிறது. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் வழக்கமான பட்டியலில் தெரிவதில்லை. பெரிய கோப்புகளை வேறொரு பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பிறகு சரியான பெயரைச் சூட்டுங்கள். இல்லையேல் பாதி எழுதிய கோப்பையே கேமல் எடுத்துச் செல்லக்கூடும். கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி இணைப்பின் கடவுச்சொல்லை மாற்றியதும் இணைப்பு நின்றுபோனவர்களின் புதிய கடவுச்சொல்லில் கூட்டல் குறி இருந்தது. முகவரிக்குள் எழுதும்போது கேமல் அதை வெற்றிடமாகப் படித்துவிடும். அத்தகைய கடவுச்சொல்லை ‘ரா’ என்ற அடைப்புக்குள் எழுத வேண்டும். அதை நாங்களே செய்து தருகிறோம்.

செய்தி நின்றுவிட்டது என்று தோன்றும்போது தயவுசெய்து உடனே சர்வரை மறுதொடக்கம் செய்யாதீர்கள். சில வழித்தடங்களில் செய்திகள் செடா என்னும் நினைவக வரிசையில் காத்திருக்கும். அது வட்டில் எழுதப்படுவதில்லை. நிரல் நின்றால் அதிலுள்ளவையும் போய்விடும். முதலில் எங்களை அழையுங்கள். ஆர்டர் எண், அது போடப்பட்ட நேரம், அந்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்பிருந்து தொடங்கும் லாக் கோப்பு (நிரலின் நடப்புப் பதிவு) ஆகிய மூன்றும் கையில் இருந்தால், செய்தி எந்த வழித்தடத்தில் எந்தப் படியில் நின்றது என்பதைத் தேடத் தொடங்கிவிடலாம்.

வரிசையின் மறுமுனையில் இருக்கும் மென்பொருளை மாற்றப்போகிறீர்கள் என்றால், அது நாங்கள் எழுதியதாக இல்லாவிட்டாலும், மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே எங்களுக்குத் தெரிவியுங்கள். சோதனைச் சர்வரில் இரு முனைகளையும் இணைத்து, கிடங்கு முனையை வேண்டுமென்றே அணைத்துவைத்தும் பார்த்துவிட்டு உங்களுக்குப் பதில் எழுதுகிறோம். இந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
இணைப்புப் பராமரிப்புப் பிரிவினர்