இடம் சுற்றிய கூடம்

புரூக்ளின்,
அக்டோபர் கடைசி வாரம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. கண்புரை அறுவைக்கு நாள் குறித்தாயிற்றா என்பதை மட்டும் விட்டுவிட்டு ஊர்க்கதை எல்லாம் எழுதியிருக்கிறாய். அடுத்த கடிதத்தில் முதல் வரியாக அது வர வேண்டும்.

உன் பேரன் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்ந்து, இரண்டாம் நாளே முழங்கையில் கட்டோடு வந்து நின்றதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. “காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு விழ வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான்?” என்று கேட்டிருக்கிறாய். அந்தப் புண்ணியவானும் விழுந்தவன்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஜோசப் மெர்லின் என்று ஒரு கைவினைஞர் இருந்தார். ஒரு விருந்துக்குச் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு, வயலின் வாசித்தபடியே சறுக்கி வந்தாராம். திரும்பவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. நேராகப் போய் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியில் மோதினார். கண்ணாடி போயிற்று, வயலின் போயிற்று, அவருக்கும் பலத்த காயம். நூறு ஆண்டு கழித்து, 1863இல், இதே நியூயார்க்கில் மரச்சாமான் வியாபாரம் செய்த ஜேம்ஸ் பிளிம்ப்டன்தான் அதற்கு வழி கண்டார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரங்களை வைத்து, இடையில் ரப்பர் மெத்தை கொடுத்தார். உடம்பை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் காலணி தானாகத் திரும்பும்.

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று புருவத்தைத் தூக்குவாய். இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நானும் சறுக்கியிருக்கிறேன். ஒருநாள் இருநாள் அல்ல, பதினெட்டு வருடம். விடுதி மாடிப்படியில் கைப்பிடி இல்லாமல் இறங்கப் பயந்தவள் சறுக்கினேன் என்றால் நீ நம்பமாட்டாய் என்றுதான் எழுதவில்லை. அம்மா காதுக்குப் போய்விடும் என்பது இன்னொரு காரணம். இப்போது அம்மாவும் இல்லை, அந்த இடமும் இல்லை.

இடத்தின் பெயர் எம்பயர் ரோலர்டிரோம். எம்பயர் புலிவார்டு என்ற பெரிய தெருவில், 200ஆம் எண் கட்டடம். 1941இல் திறந்தது. அதற்கு முன் அது கார் நிறுத்தும் கட்டடம். பக்கத்திலேயே எப்பட்ஸ் ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானம் இருந்ததால், ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் காரை அங்கே விடுவார்கள். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் சொந்த மைதானம் அது. 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் அங்கே களமிறங்கி, வெள்ளையர் மட்டும் ஆடிவந்த பெரிய லீக்கின் கதவை உடைத்தார். கூடத்தில் நான் பழகிய கிழவர்களில் பாதிப் பேர் அந்த ஆட்டத்தைப் பார்த்ததாகச் சொல்வார்கள். எல்லோரும் பார்த்திருந்தால் மைதானம் கொள்ளாது.

என்னை அங்கே இழுத்துப் போனது மேல்மாடியில் குடியிருந்த டிரினிடாட் அம்மாள். 1989, குளிர்காலம். ஆய்வகத்தில் இரவு வேலை, பகலில் தூக்கம், சனிக்கிழமையானால் அழுகை என்று கிடந்தேன். மகளுக்கு ஏழு வயது. “பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, வீட்டுக்குள் இருந்தால் பைத்தியம் பிடிக்கும்” என்று கதவைத் தட்டினார். சல்வார் கமீஸுக்கு மேல் கம்பளிக் கோட்டு, காலில் வாடகைக்கு எடுத்த பழுப்புத் தோல் காலணி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் திடுக்கிட வைத்தது கூட்டம் சுற்றிய திசை. நாம் பிறந்ததிலிருந்து நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் வலம் வந்தவர்கள். இங்கே அத்தனை பேரும் இடம் சுற்றுகிறார்கள்! இங்கே ஸ்கேட்டிங் கூடங்களில் பொதுவாக அதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. அன்று எனக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கால் வலப்பக்கமே போகப் பார்க்கிறது. எதிரே வருகிறவர்கள் மேல் இரண்டு முறை விழுந்தேன். தரை வழுக்குகிறது என்று புகார் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அந்தத் தரையைச் சொன்னால் பழைய ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். மேப்பிள் மரத்தரை. ‘அதிசய மேப்பிள்’ என்றே அதற்குப் பட்டப்பெயர். சக்கரம் அதில் உருளும் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? கோடையில் குற்றாலத்துக்குப் போகும் வழியில், அருவி கண்ணில் படுமுன்பே ஒரு இரைச்சல் கேட்குமே, அப்படி. பாட்டு நின்றால்தான் அது காதில் விழும்.

விசில் வைத்துக்கொண்டு தரையைக் காவல் காக்கிறவர் ஒருவர் என்னைக் கைகொடுத்துத் தூக்கி, “முட்டியை மடக்கு, மற்றதை அது பார்த்துக்கொள்ளும்” என்றார். உன் பேரனுக்கும் இதையே சொல். நிமிர்ந்து நிற்பவன்தான் விழுவான்.

சொல்ல வந்தது என் வீரப்பிரதாபம் அல்ல. நடுவில் ஒரு வட்டம் இருந்தது. வெளிச்சுற்றில் குழந்தைகளும் என் போன்றவர்களும். அதற்கு உள்ளே, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில்வண்டி போல ஐந்தாறு பேர் ஒரே காலடியில் போகும் கூட்டம். ரயிலும் மூவர் கூட்டும் நியூயார்க் பாணி. சிகாகோவுக்கு ஒரு பாணி, டெட்ராய்ட்டுக்கு ஒரு பாணி, பிலடெல்பியாவில் பின்பக்கமாகவே வேகம் பிடிப்பார்கள். ஆள் நாலு அடி வைப்பதைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே, நட்ட நடுவில், ஜாம் ஆடுகிறவர்கள். தாளம் எல்லோருக்கும் ஒன்று, உடம்பு அவரவருக்கு ஒன்று. முட்டியை நன்றாகத் தாழ்த்தி, எடையைச் சக்கரத்தின் ஓரத்துக்கு மாற்றி மாற்றி, இருந்த இடத்திலேயே அரைச்சுழலும் கால்சுழலுமாக ஆடுவார்கள். தவில் தனி ஆவர்த்தனத்தைக் காலால் வாசித்தால் அப்படி இருக்கும். அங்கே போகக்கூடாது என்று பலகை எதுவும் கிடையாது. ஆனாலும் தகுதி வரும்வரை யாரும் போகமாட்டார்கள். நான் போனதே இல்லை.

அந்த நடுவட்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு. பில் பட்லர் என்பவர் டெட்ராய்ட்டில் வளர்ந்த கறுப்பர், விமானப்படையில் இருந்தவர். 1957இல் இந்தக் கூடத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஸ்கேட்டிங் கூடம் என்றால் ஆர்கன் இசைதான். ஒரே சீராகப் போகும், அதற்கு ஏற்ப ஜோடி ஜோடியாக அடக்கமாகச் சுற்றுவார்கள். பட்லர் ஒரு ஜாஸ் இசைத்தட்டைக் கொடுத்துப் போடச் சொன்னார். அதற்கு ஆடியும் காட்டினார். ஜாம் என்ற பாணி அப்படித்தான் இங்கே வேர் பிடித்தது. அதே 1957 செப்டம்பரில் டாட்ஜர்ஸ் அணி எப்பட்ஸ் ஃபீல்டில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. புரூக்ளின்காரர்கள் அந்தப் போனதை மட்டும் இன்றுவரை புலம்புகிறார்கள். அதே வருடம் வந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.

கறுப்பர்களுக்கு அந்தக் கூடம் என்னவாக இருந்தது என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று. இந்த நாட்டின் பல ஊர்களில் ஸ்கேட்டிங் கூடங்கள் அவர்களை வாரத்தில் ஒரே ஒரு இரவுதான் உள்ளே விட்டன, பல இடங்களில் அதுவும் இல்லை. 1963 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணிக்கு, சிகாகோவிலிருந்து லெட்ஜர் ஸ்மித் என்பவர் சக்கரக் காலணியிலேயே போனார். ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர், பத்து நாள். பேருந்தில் போனவர்களைப் பற்றி நாம் பாடத்தில் படித்தோம், இவரைப் பற்றி யாராவது சொன்னார்களா? எனக்கு இதைச் சொன்னவர் வாடகைக் காலணி எடுத்துக் கொடுத்த பெரியவர். காலணியில் பொடி தூவிக்கொண்டே, நேற்று நடந்ததுபோலச் சொன்னார்.

எழுபதுகளின் கடைசியில் டிஸ்கோ வந்தது, கூடத்தின் பெயரும் எம்பயர் ரோலர் டிஸ்கோ என்று மாறிற்று. பாடகி ஷேர் எல்லாம் வந்து ஆடினார். இந்தக் கூடத்தைப் பற்றி யார் எழுதினாலும் அந்த இரண்டு மூன்று வருடத்தைத்தான் எழுதுவார்கள். கண்ணாடி உருண்டை, மினுங்கும் காற்சட்டை, பிரபலங்கள். நான் போனபோது பிரபலங்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டார்கள். தபால்காரர்கள், தாதிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், பேருந்து ஓட்டுநர்கள்தான் இருந்தார்கள். வேலைச் சீருடையைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். பிரபலங்களைவிட இவர்கள்தான் நன்றாக ஆடினார்கள் என்று நான் சத்தியம் செய்வேன்.

2007 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். மான்ஹாட்டனில் இருந்த ராக்ஸி என்ற பெரிய ஸ்கேட்டிங் கூடமும் அதற்கு முந்தின மாதம்தான் மூடிற்று. கணக்கு எளிது. ஸ்கேட்டிங்குக்கு நடுவில் தூண் இல்லாத பரந்த இடம் வேண்டும். ஒருவர் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு நாலு மணி நேரம் சுற்றுவார். விழுந்தவர்கள் வழக்குப் போடுவார்கள் என்று காப்பீட்டுக்குக் கட்ட வேண்டும். அந்த நிலத்தைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்டால் சத்தமும் இல்லை, விழுகிறவனும் இல்லை. அப்படித்தான் ஆயிற்று. வீட்டில் இடம் போதாதவர்கள் சாமான்களைப் பூட்டி வைக்கும் கிடங்கு அங்கே வந்தது.

போன ஜூலையில் அங்கே போனேன். மகள் வீடு மாறினாள். பழைய வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளுக்கும் புது வீட்டுச் சாவி கிடைத்த நாளுக்கும் நடுவே பதினோரு நாள் இடைவெளி. கட்டிலையும் பீரோவையும் எங்கே வைப்பது? முகவரியைப் பார்க்காமலே ஒரு அறை பிடித்திருக்கிறாள். வண்டி எம்பயர் புலிவார்டில் திரும்பியதும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளே நீளமான நடை, இரண்டு பக்கமும் வரிசையாக மடக்குக் கதவுகள், ஒவ்வொன்றிலும் பூட்டு. நடுவட்டம் எங்கே இருந்திருக்கும் என்று அடி எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வரை எண்ணினேன். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பின்னால் வந்து வழி கேட்டார், விட்டுவிட்டேன்.

அந்தத் தெருவே இப்படித்தான், கோமதி. முன்பு அதற்கு மால்போன் தெரு என்று பெயர். 1918 நவம்பர் முதல் தேதி, ரயில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்த நாளில், பழக்கமில்லாத ஒருவரை ஓட்டவைத்தார்கள். சுரங்கத்துக்கு முன்னால் இருந்த வளைவில் வேகத்தைக் குறைக்காமல் எடுத்து, 93 பேராவது செத்தார்கள். தெருவின் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்குகிறார்கள் என்று எம்பயர் என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயர் ஒரு சின்னத் துண்டுச் சந்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைதானத்தை 1960இல் இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். அங்கே மைதானம் இருந்ததைச் சொல்ல ஒரு கல்லாவது வைத்திருக்கிறார்கள். ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்றும் ஒரு பலகை வைத்தார்கள் என்பது இந்தப் பகுதியின் பழைய வேடிக்கை. கூடத்துக்குக் கல்லும் கிடையாது, பலகையும் கிடையாது.

ஒரேயடியாக ஒப்பாரி வைக்கிறேன் என்று நினைக்காதே. பத்து நிமிட நடையில் புராஸ்பெக்ட் பூங்கா இருக்கிறது. 2013 கடைசியில் அங்கே ஏரிக்கரையில் புதிதாக ஒரு ரிங்க் திறந்தார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் ரோலர் ஸ்கேட்டிங். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லமாட்டேன். எம்பயர்காரர்கள் சிலர் நரைத்த தலையோடு அங்கே வருகிறார்கள். இந்தக் கோடையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு பெரியவர் நடுவில் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். முட்டி அவ்வளவு தாழ்ந்து போவதைப் பார்த்ததுமே ஆள் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்துவிட்டது. பேத்தி வட்டத்தைத் தாண்டி நேராக அவரிடம் போய், “இதை எனக்கும் சொல்லிக்கொடுங்கள்” என்று நின்றாள். அவள் அம்மாவும் நானும் பதினெட்டு வருடம் செய்யாததை! அவர் கையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் தாழ்த்து, இன்னும் கொஞ்சம், என்றார். அவள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் வேலிக்கு வெளியே பெஞ்சில்தான் இருந்தேன். வலது முட்டியை மாற்றி வைத்ததிலிருந்து மருத்துவர் சக்கரத்தின் பேச்சையே எடுக்கக்கூடாது என்றிருக்கிறார். படி ஏறலாம், நடக்கலாம், தரையில் சம்மணம் கூடாது. சாப்பாடு மேசையில்தான். வரும் தை மாதம் ஊருக்கு வந்தால் உன் வீட்டுத் திண்ணையில் எனக்கு ஒரு நாற்காலி போட வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

பேரனுக்கு முழங்கைக் கவசமும் மணிக்கட்டுக் கவசமும் வாங்கிக்கொடு. தலைக்கவசம் மட்டும் போதும் என்று வகுப்பில் சொன்னால் கேட்காதே. விழுகிறவன் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். கட்டு பிரித்ததும் மறுபடி அனுப்பு, பயம் கூடுவதற்குள். அவன் வகுப்பில் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள் என்று கேட்டு எழுது.

கண் அறுவையின் தேதியையும்.

உன்,
சாரதா